கருகிய கம்பளி

அகிலாண்டத்தை யாராவது புகழ்ந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. மாதுங்காவில் எங்கள் கட்டடத்துக்கு நாலு மாடி. நாலு மாடியிலும் அவளைப் புகழாத மாமி ஒருத்தி கிடையாது. என் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் அது எப்படி இருக்கும் என்று தெரியும்.

அவள் என் அத்தை பெண். அத்தைக்கு ரங்கூனில் குடித்தனம். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது அத்தை போய்விட்டாள். அத்திம்பேர் பெண்ணைக் கூட்டிக்கொண்டு அரக்கான் மலை வழியாக நடந்து வந்தார். பாதி வழியில் காலரா அவரையும் கொண்டுபோயிற்று. மிச்ச தூரத்தை அகிலாண்டம் யாரோ ஒரு குடும்பத்தோடு, அவர்களுடைய கைக்குழந்தையை இடுப்பில் சுமந்தபடி நடந்தாள். கல்கத்தா வழியாக வந்து தாதர் ஸ்டேஷனில் இறங்கியபோது அவள் உள்ளங்காலில் தோலே இல்லை என்று அப்பா சொல்லிச் சொல்லி அழுதார். நானும்தான் அழுதேன். என் தலையணையை அவளுக்குக் கொடுத்துவிட்டுக் கையை மடித்து வைத்துக்கொண்டு தூங்கினேன். நான் ஒன்றும் ராட்சசி இல்லை.

ஆனால் முதல் வாரத்துக்குப் பிறகு இரண்டாவது வாரம் வருகிறது, இல்லையா. அதற்கப்புறம் மாதங்கள் வருகின்றன. வருஷமும் திரும்பிவிட்டது. ஊரிலிருந்து யார் வந்தாலும் அரக்கான் கதை. எனக்குக் காய்ச்சல் வந்து முனகினால், "அகிலா பட்டதிலே கால்வாசி பட்டிருப்பியாடி நீ?" மாடிப்படியில் வழுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தால், "அந்தக் குழந்தை மலையையே தாண்டி வந்துட்டா." குழந்தையாம். அவளுக்கும் எனக்கும் ஒரே வயசு. இரண்டு பேருக்கும் பதினைந்து.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். தலை பின்னுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

காலையில் பின்பக்கத்துப் பால்கனியில் உட்கார்ந்து அம்மா எனக்குத் தலை பின்னுவாள். அந்த நேரம் என்னுடையது. மீதி நாள் முழுக்க அம்மா அடுக்களைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் ரேஷன் கியூவுக்கும் சொந்தம். அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் அவள் முழங்கால் இரண்டுக்கும் நடுவே நான் இருப்பேன். அவள் மூச்சு என் உச்சியில் படும். அகிலாண்டம் வந்த பிறகு, "அவளுக்கு முதல்ல பின்னிடறேன், பாவம்" என்றாள். சரி என்றேன். அவள் தலைமுடி அடர்த்தி. பின்னி முடிப்பதற்குள் பால் பொங்கும், அல்லது குழாயில் தண்ணீர் நின்றுபோகும் நேரம் வந்துவிடும். "நீயே பின்னிக்கோடி ஷ்யாமு" என்று சீப்பை என் மடியில் போட்டுவிட்டு அம்மா எழுந்து போவாள். பிறகு என் முறையே இல்லாமல் போயிற்று. சொல்லுங்கள், யாருக்குத்தான் எரியாது?

அவளாவது ஒரு சண்டை போட்டிருக்கலாம். போடமாட்டாள். சொன்னதைச் செய்வாள், கூப்பிட்டால் வருவாள், எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். அம்மாவை "மாமி, மாமி" என்று நிழலாகச் சுற்றுவாள். எனக்கோ மூக்கு நுனியில் கோபம். இந்த இரண்டு பேரில் அம்மாவுக்கு யாரைப் பிடிக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

எனக்கென்று மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான். முதலுதவி வகுப்பு.

சண்டைக் காலம். ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தோம். பம்பாயிலும் குண்டு விழும் என்று ஒரு பயம். அதனால் தெருமுனையில் கிளினிக் வைத்திருந்த பார்சிக்கார டாக்டர் ரோஷன், பேட்டைப் பெண்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் வகுப்பு எடுத்தாள். ஒடிந்த கைக்குத் தப்பை வைத்துக் கட்டுவது, மயங்கினவளைப் படுக்க வைப்பது, புடவையில் தீப்பிடித்தால் என்ன செய்வது. "பாகோ மத்" என்று அதட்டுவாள். ஓடாதே, ஓடினால் தீ வளரும். கீழே தள்ளு, கம்பளியைப் போர்த்து, கழுத்திலிருந்து கால் பக்கமாக அழுத்திக்கொண்டே போ, தீ முகத்துக்கு ஏறக் கூடாது. எங்களை ஒருத்தியை ஒருத்தி தள்ளிவிடச் சொல்லிப் பழக்குவாள். தள்ளுவதில் என்னை யாரும் மிஞ்ச முடியவில்லை. யாரை நினைத்துக்கொண்டு தள்ளினேன் என்பது என்னோடு இருக்கட்டும்.

அகிலாண்டத்தை அந்த வகுப்புக்கு அனுப்பலாமா என்று அப்பா கேட்டார். அம்மா, "அவ பார்க்காததையா அங்கே சொல்லித் தரப்போறா" என்றுவிட்டாள். அன்றைக்கு மட்டும் எனக்கு வாயெல்லாம் பல். பரீட்சையில் நான்தான் முதல். டாக்டர் என் சட்டையில் ஒரு தகர பாட்ஜைக் குத்திவிட்டாள். வீட்டுக்கு ஓடி வந்து அம்மாவிடம் நெஞ்சை நிமிர்த்திக் காட்டினேன்.

"சரி, நன்னாயிருக்கு. புளியைக் கரைச்சு வை" என்றாள் அம்மா.

அந்த ஐப்பசியில் தாத்தாவின் சிராத்தம் வந்தது. ரேஷன் வந்த வருஷம் அது. கடையில் போட்ட அரிசியில் பாதி கல்லாக இருக்கும். அம்மா மாதக்கணக்காகப் பிடிப் பிடியாக நல்ல அரிசியைப் பொறுக்கி, பிராமணர்களுக்கென்று டின்னில் ஒதுக்கி வைத்திருந்தாள். நெய்யும் அப்படித்தான். நாங்கள் கஞ்சி குடித்த நாளில்கூட அந்த டின் திறக்கப்படவில்லை. அப்பா ஆபீஸில் கெஞ்சி லீவு வாங்கியிருந்தார். எல்லாம் கூடி வந்தது. அன்று விடியும்போது பார்த்து நான் தூரமாகிவிட்டேன்.

மாதத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து ஒதுங்கி உட்கார வேண்டும், யாரையும் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டில் எந்த நாளும் உள்ள வழக்கம். சிராத்த நாளில் என்றால் கேட்கவே வேண்டாம். அடுக்களைப் பக்கம் நான் காலை வைத்தாலே சமைத்தது அத்தனையையும் கொட்ட வேண்டும். குரல்கூடக் கேட்கக் கூடாது. அம்மா என்னை ஏதோ நான் வேண்டுமென்று பண்ணினதுபோலப் பார்த்தாள். "வாயைத் திறக்காம பால்கனியிலே கிட" என்று ஒரு பாயையும் என்னுடைய பழைய கம்பளியையும் தூக்கிப் போட்டுக் கதவைச் சாத்தினாள்.

வழக்கமாக மடியாக அம்மாவுக்குக் கூடமாட நிற்பது நான்தான். அன்று அந்த இடத்துக்கு அகிலாண்டம் வந்தாள். தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு, பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு. அதுவும் என்னுடைய பட்டுப் பாவாடை.

பால்கனிக்கும் அடுக்களைக்கும் நடுவே ஒரு கதவு, ஒரு ஜன்னல். ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. தெரியாமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அம்மா கொடிக்கம்பிலிருந்து கோலால் எடுத்த மடிப் புடவையை ஒன்பது கஜமும் கச்சம் வைத்துக் கட்டியிருந்தாள். "அகிலா, கறிவேப்பிலை." "இந்தா மாமி." "அகிலா, அந்தக் கரண்டி." "இந்தா மாமி." ஒரு தடவைகூட அம்மாவை இன்னொரு முறை கேட்க வைக்கவில்லை அவள். "சமத்து" என்றாள் அம்மா. நான் கம்பளியின் நூலைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கூடத்தில் ஜகந்நாத சாஸ்திரிகளின் குரல் கணீரென்று மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தது. சமையல் ஏறக்குறைய முடிந்துவிட்டது. வடை ஒன்றுதான் பாக்கி. அம்மா பெரிய அடுப்பின் முன் குந்தி உட்கார்ந்து எண்ணெயில் வடையைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் தரையில் கும்முட்டி அடுப்பு. அதில் பாயசம் கொதித்துக்கொண்டிருந்தது. சண்டைக் காலத்துக் கரி, பாதி ஈரம். ஊதினால் சடசடவென்று பொறி பறக்கும். அம்மா கொஞ்சம் பின்னால் நகர்ந்தாள். கச்சத்தின் நுனி கும்முட்டியில் பட்டது.

முதலில் புகைதான். பிறகு ஒரு மஞ்சள் நாக்கு. மொடமொடவென்று காய்ந்த பருத்திப் புடவை. முதுகுப்பக்கமாகத் தீ ஏற ஆரம்பித்தது. அம்மாவுக்குத் தெரியவில்லை. வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அகிலாண்டத்துக்குத் தெரிந்தது. அவள் அம்மாவுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றாள். நான் அவளைத்தான் பார்த்தேன். மலையைத் தாண்டினவள், இதோ பாயப்போகிறாள், இதையும் இவளே செய்து பெயர் வாங்கப்போகிறாள் என்று எனக்கு அந்த நிமிஷத்தில்கூட ஓடியது. அவள் பாயவில்லை. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். கையில் பிடித்திருந்த கிண்ணம் கீழே விழுந்தது. "அம்மா" என்றாள். குரலே வரவில்லை, உதடுதான் அசைந்தது.

என் அம்மாவை அவள் அம்மா என்று கூப்பிடுகிறாள். அந்த எரிச்சலோடுதான் நான் கதவை உதைத்துத் திறந்தேன். கையில் கம்பளி இருந்தது.

சத்தம் கேட்டு அம்மா திரும்பினாள். என்னைப் பார்த்தாள். அவள் முகம் வெளிறிப்போயிற்று. முதுகில் எரிகிற தீயினால் அல்ல, அடுக்களைக்குள் என் கால் இருந்ததனால்.

"வராதேடி" என்று கத்தினாள். "தொடாதே. மடி போயிடும். தொடாதேடி பாவி."

அதற்குள் தோள்பக்கம் தீ வந்துவிட்டது. அப்போதுதான் அவளுக்குச் சூடு தெரிந்து, எழுந்து ஓடப் பார்த்தாள். எண்ணெய்ச் சட்டிப் பக்கமாக ஓடப் பார்த்தாள். நான் அவளைத் தள்ளினேன். பெற்ற தாயை, மடியாக இருந்தவளை, சிராத்த நாளில், இரண்டு கையாலும் பலங்கொண்ட மட்டும் தள்ளினேன். குப்புற விழுந்தாள். கம்பளியைப் போட்டு மேலே விழுந்து, கழுத்திலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே போனேன். அடியில் அவள் "தொடாதே, தொடாதே" என்றுதான் முனகினாள். புகை நின்ற பிறகும் நான் அழுத்திக்கொண்டிருந்தேன். பிறகு மடித் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி அவள் மேல் கவிழ்த்தேன். அந்தக் குடத்தையும் தொட்டாயிற்று. இனி என்ன மிச்சம்?

கூடத்தில் மந்திரம் நின்றது. அப்பாவின் காலடி கேட்டது.

அம்மா தரையிலிருந்து தலையைத் தூக்கினாள். வலது கையும் தோளும் வெந்து தோல் சுருண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"போ. வெளியே போ. கதவைச் சாத்திக்கோ."

போனேன். வேறென்ன செய்ய? அகிலாண்டத்துக்கு அப்போதுதான் உயிர் வந்தது. கம்பளியைச் சுருட்டி ஜன்னல் வழியாக என்மேல் தள்ளினாள்.

"என்னாச்சு? என்ன சத்தம்?" என்றார் அப்பா, அடுக்களை வாசலில் நின்று.

"புடவைலே பொறி பட்டுடுத்து. ஒண்ணுமில்லை, அணைஞ்சாச்சு."

"ஒண்ணுமில்லையா? கையைப் பாரு. யார் அணைச்சா?"

கூடத்திலிருந்து சாஸ்திரிகளும் அப்பாவுக்குக் குரல் கொடுத்தார். "அனந்தநாராயணா, தொட்டது யாருன்னு கேளும். மடியாத்தானே தொட்டா? இல்லேன்னா சமைச்சதை எடுக்கப்படாது."

நான் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை. அம்மா ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"மடியாத்தான்" என்றாள் அம்மா. "அகிலாண்டம்தான் அணைச்சா. அவ இல்லேன்னா நான் இன்னிக்கு இல்லை."

என் பெயருக்கு அங்கே இடமே இல்லை. எனக்குக் காரணம் புரியாமல் இல்லை. என் பெயரைச் சொன்னால் பிடிப் பிடியாகச் சேர்த்த அரிசி குப்பைத்தொட்டிக்குப் போகும், பிராமணர்கள் எழுந்து போவார்கள், தாத்தா இந்த வருஷம் பட்டினி. எல்லாம் புரிந்தது. புரிந்துவிட்டால் எரியாதா என்ன? முன்னைவிட அதிகமாக எரிந்தது.

அப்பா ஆள் அனுப்ப, டாக்டர் ரோஷன் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சிராத்தம் நடக்கிற அடுக்களைக்குள் பார்சியை விட முடியாதென்று அம்மாவைப் பக்கத்து அறைக்குக் கைத்தாங்கலாகக் கொண்டுபோயிருந்தார்கள். அந்த அறைக்கும் பால்கனிப் பக்கம் ஒரு ஜன்னல். டாக்டர் புண்ணைக் கழுவினாள், ஊதா மருந்து தடவினாள். முதுகைத் திருப்பிப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். கழுத்துக்கு மேலே ஒரு பொட்டுக்கூட வேகவில்லை.

"யே கிஸ்னே கியா?" என்றாள். யார் செய்தது இது என்று.

அப்பா பெருமையாக அகிலாண்டத்தைக் காட்டினார். டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அங்கே நான் இருந்தேன். என் காலடியில் கம்பளி கிடந்தது, நடுவில் கருகி ஓட்டையாக.

"ஷ்யாமளா, தூனே கியா நா?" என்றாள். நீதானே செய்தாய் என்று.

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கதவுக்கு வெளியே சாஸ்திரிகளின் காது இருந்தது. நான் ஆமாம் என்றால் போதும். என்னுடைய வகுப்பு, என்னுடைய டாக்டர், என்னுடைய பாட்ஜ். நாலு மாடிக்கும் விஷயம் போய்விடும். அகிலாண்டத்தின் அரக்கான் கதை அன்றோடு முடிந்தது. வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தது.

அம்மா படுத்தபடி என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. வெந்த கையை வயிற்றில் வைத்துக்கொண்டு வெறுமனே பார்த்தாள்.

"நஹீ டாக்டர். அகிலானே கியா" என்றேன்.

சொல்லும்போது என் இரண்டு கையையும் பின்னால் மறைத்துக்கொண்டேன். உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். டாக்டர் பையை மூடினாள். போகும்போது ஒரு சின்ன டப்பா வாசலின் களிம்பை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனாள்.

சிராத்தம் நல்லபடியாக முடிந்தது. அப்பாவே மடியாக நின்று பரிமாறினார். சாஸ்திரிகள் இலையிலிருந்து எழுந்து கை கழுவிய பிறகு அகிலாண்டத்தைக் கூப்பிட்டு, "ஒரு வம்சத்தோட மானத்தைக் காப்பாத்தினே, அம்மா. தீர்க்காயுசா இரு" என்று ஆசீர்வாதம் பண்ணினார். மூன்று மணிக்கெல்லாம் மாமிகள் வர ஆரம்பித்தார்கள். ஒருத்தி அவள் தலையில் ஒரு முழம் கதம்பத்தை வைத்தாள். இன்னொருத்தி திருஷ்டி கழித்தாள். "பர்மாவுலேயே பார்த்தவ, இது எந்த மூலைக்கு" என்றாள் கீழ்வீட்டு மாமி. என் பட்டுப் பாவாடையைக் கட்டிக்கொண்டு, நான் செய்த காரியத்துக்கு அவள் புகழ் வாங்கிக்கொண்டிருந்தாள். நான் பால்கனியில் களிம்பைத் தடவிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். அவளைப் பிடித்துத் தள்ளினால் என்ன என்று தோன்றியது, கம்பளி இல்லாமல்.

சாயங்காலம் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தது அவள்தான். மேலே படாமல் எட்ட நின்று இலையில் போட்டாள். வடையும் இருந்தது. எனக்குத் தொண்டையில் இறங்குமா?

"நன்னா இருந்துதா திருஷ்டியெல்லாம்?" என்றேன்.

அவள் இன்னொரு கரண்டி சாதம் போட்டாள்.

"வாயிலே என்ன கொழுக்கட்டையா? நான் இல்லேன்னு ஒரு வார்த்தை சொன்னா உனக்கு என்ன குறைஞ்சுடும்?"

"மாமி சொல்லாதேன்னா."

"மாமி சொன்னா கிணத்துலே குதிப்பியா? சரி, அதை விடு. நீ ஏன் அப்படி நின்னே? பக்கத்துலேதானே இருந்தே. ஒரு தள்ளு தள்ளினா ஆயிருக்குமே."

அகிலாண்டம் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். தலையிலிருந்த கதம்பத்தைப் பிய்த்து எடுத்தாள்.

"எங்கம்மாவுக்கும் பின்னாலேருந்துதான் பிடிச்சுது" என்றாள். "குண்டு விழுந்து வீடு எரியறது. அம்மா டிரங்குப் பெட்டியை இழுத்துண்டிருந்தா. கச்சத்துலே பிடிச்சுது. நான் பார்த்தேன். அப்பவும் இப்படித்தான் நின்னேன். சுவரோட ஒட்டிண்டு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "எல்லாரும் தைரியசாலி தைரியசாலிங்கறா. நான் நடந்தேன், அவ்வளவுதான். நடக்காம இருந்தா அங்கேயே விட்டுட்டுப் போயிடுவா. அதனாலே நடந்தேன்."

காலையில் அவள் அம்மா என்று கூப்பிட்டது என் அம்மாவை இல்லை. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு வருஷத்துக்கு மேலாக யார் புகழ்ந்தாலும் அவள் ஏன் தலையைக் குனிந்துகொள்கிறாள் என்பதும் உறைத்தது. நான் அதை அடக்கம் என்று நினைத்து இன்னும் எரிந்திருக்கிறேன். இருந்தாலும் உடனே மனசு இளகிவிட்டது என்று சொன்னால் அது பொய். பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. வடையை மட்டும் தின்றேன்.

மறுநாள் காலையில் கட்டு மாற்ற வேண்டும். பழகின கையாக இருந்தால் நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "நேத்திக்கு அணைச்சவளாச்சே, அகிலா மாத்தட்டும்" என்றார் அப்பா. நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அகிலாண்டம் பழைய துணியின் நுனியைப் பிடித்தாள். புண் கொஞ்சம் தெரிந்தது. அவள் விரலெல்லாம் உதறியது. துணி இழுபட்டு அம்மா பல்லைக் கடித்தாள். அகிலாண்டத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாகக் கொட்டியது. மறுபடி தொட்டாள், மறுபடி உதறியது.

"விடும்மா" என்றாள் அம்மா. "நீ அந்தண்டை போ. ஷ்யாமுவைக் கூப்பிடு."

அப்பா நிமிர்ந்தார். "அவ இன்னும் குளிக்கலையே. நாளன்னிக்குத்தானே ஆத்துக்குள்ளே வருவா."

"பரவாயில்லை. கூப்பிடுங்கோ."

"நாகு, சிராத்தம் முடிஞ்ச கையோட, நீ தெரிஞ்சுதான் பேசறியா? அவ உன்னைத் தொடறதாவது."

"நேத்திக்கே தொட்டுட்டா" என்றாள் அம்மா. அப்பாவின் முகத்தைப் பார்த்து, குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள். "என்னைக் கீழே தள்ளினது அவ. கம்பளியைப் போட்டு அணைச்சது அவ. தொடாதே தொடாதேன்னு நான் கத்தக் கத்த அணைச்சா. டாக்டர் கேட்டப்போ எனக்காக இல்லேன்னும் சொன்னா. அந்தப் பொய் அவளோடது இல்லை, என்னோடது. பாவம்னா எனக்கு இருக்கட்டும்."

அப்பா கூடத்துச் சுவரில் மாலை போட்டிருந்த தாத்தா படத்தின் பக்கம் பார்த்தார். கொட்டியிருக்க வேண்டிய சமையலைப் பிராமணர்களுக்குத் தம் கையாலேயே பரிமாறிய மனிதர். அவர் என்ன நினைத்தார் என்று எனக்கு இன்னும் தெரியாது. எழுந்து வந்து, பால்கனிக் கதவின் தாழ்ப்பாளைத் தாமே திறந்தார். ஒதுங்கி வழி விட்டார்.

நான் அம்மா முன்னால் போய் நின்றேன். தொட வேண்டுமென்று தெரிகிறது, கை போகவில்லை. நேற்று தீயின் நடுவே போன கை, இன்று போகமாட்டேன் என்றது.

"தொடுடி" என்றாள் அம்மா.

தொட்டேன். துணியைத் தண்ணீரில் நனைத்து, ஒட்டிய இடத்தை ஊற வைத்து, விரல் நுனியால் மெல்ல மெல்லப் பிரித்தேன். அம்மா முனகவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏன் விரல் நுனியாலேயே வேலை செய்கிறேன் என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கைக் கொப்புளம் இரண்டையும் பார்த்தாள்.

"நேத்திலேருந்து இப்படியா?"

"ம்."

"ஏண்டி சொல்லலை?"

"நீதானே வாயைத் திறக்காம கிடன்னே."

அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. தீ பிடித்தபோது அழாதவள், டாக்டர் புண்ணைக் கழுவும்போது அழாதவள், என் உள்ளங்கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். குளிக்காதவளின் கை, மூன்று நாள் முடியாத கை. அவள் மூச்சு என் விரலில் பட்டது. எத்தனையோ நாளாயிற்று அது என்மேல் பட்டு.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அகிலாண்டம் பார்க்கிறாளா என்று திரும்பினேன். அவள் பார்க்க வேண்டுமென்றுதான் திரும்பினேன்.

அவள் அறை வாசலில், நிலைக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றாள். கண் அம்மாவின் கையிலேயே இருந்தது, என்னைப் பிடித்துக்கொண்டிருந்த கையில். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். பால்கனியில் அவளுக்குத் தலை பின்னி முடிகிறவரை ரிப்பனைப் பிடித்துக்கொண்டு காத்து நின்றேனே, அந்த நாளிலெல்லாம் எனக்கு இருந்த முகம் அது. வித்தியாசம் ஒன்றுதான். அப்போது எனக்கு அம்மா உயிரோடாவது இருந்தாள்.

நான் அம்மா கன்னத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். எடுக்க மனசே வரவில்லை, எடுத்தேன்.

"அங்கேயே நின்னுண்டு என்ன வேடிக்கை? இங்கே வா" என்றேன் அவளைப் பார்த்து. "துணியை நறுக்கு. புண்ணைப் பார்க்காதே, என் மூஞ்சியைப் பாரு. நான் சொல்றபோது எடுத்துக் கொடு."

அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள். கை கொஞ்சம் ஆடியது, பிறகு நின்றது. முதல் துண்டை நறுக்கிவிட்டு, அதை அம்மா பக்கம் நீட்டப் போனாள். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன்.

"எடுத்துக் கொடுன்னுதான் சொன்னேன்" என்றேன். "கட்டறது நான்."